ஐந்தாவது லெவல்

கருடா ஆளில்லா வானூர்தி விமானிகள் பயிற்சிக் கழகத்தின் வாசலில் இரண்டு பொருள்கள் நம்மை வரவேற்கும். ஒன்று, ‘இங்கு இதுவரை விபத்து நடந்ததில்லை’ என்று மூன்று மொழிகளில் எழுதிய பலகை. இன்னொன்று, ரத்தம் தோய்ந்த பஞ்சைப் போட வைத்திருக்கும் மூடி போட்ட டிரம். இரண்டுக்கும் நடுவில் நின்று சல்யூட் அடித்துவிட்டுத்தான் மாணவர்கள் உள்ளே போக வேண்டும். சல்யூட் யாருக்கு என்று கேட்டவர்களிடம் வானத்துக்கு என்று சொல்லப்பட்டது. வானம் மேலே இருக்கிறதே, பலகைக்கு எதற்கு சல்யூட் என்று கேட்டவர்கள் அங்கே அதிக நாள் நிலைத்ததில்லை.

வாசு கேட்கவில்லை. கேட்கிற நிலைமையில் அவன் இல்லை. தங்கவயலில், ஊரிகம் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து விடிவதற்கு முன் கிளம்பி, பெங்களூர் ரயிலில் நின்றுகொண்டே போய், ஒரு கிடங்கில் பெட்டி கட்டிவிட்டு, இருட்டிய பிறகு நின்றுகொண்டே திரும்புகிறவன் அவன். வீட்டு நாயே அவனைத் திருடன் என்று நினைத்து இரண்டு முறை கடித்திருக்கிறது. மனைவி அமலா நாயைத் திட்டவில்லை. பகலில் பார்த்திராத ஆளை அது எப்படி அடையாளம் கண்டுகொள்ளும் என்பது அவள் கட்சி.

ராபர்ட்சன்பேட்டையில் உரக்கடை வைத்திருக்கும் சிவப்பிரகாசம், பூதிகோட்டைத் தக்காளித் தோட்டங்களுக்கு மருந்தடிக்க ஒரு ட்ரோன் வாங்கியிருந்தார். ஓட்ட ஆள் கிடைக்காமல் அதைக் கோணி போர்த்தி மூலையில் வைத்திருந்தார். சர்ட்டிபிகேட் கொண்டுவந்தால் வேலை உனக்குத்தான் என்று வாசுவிடம் சொல்லியிருந்தார். பூதிகோட்டைக்கு பஸ்ஸில் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரலாம். வாசு கிடங்கு வேலைக்கு லீவு போட்டுவிட்டு, வானத்துக்கு சல்யூட் அடித்தான்.

கழகத்தின் தலைவர் கேப்டன் ஹரிஷ்குமார். துணிக்கடைக் குடும்பத்தில் பிறந்தவர். வெள்ளைச் சட்டையின் இரண்டு தோளிலும் நான்கு நான்கு தங்கக் கோடுகள் இருந்தன. கடையில் ஜரிகைக்குப் பஞ்சமில்லை. விமானத்தோடு அவருக்கிருந்த உறவு, ஒருமுறை கோயம்புத்தூருக்கு ஜன்னலோர இருக்கையில் போய்வந்ததுதான். ஆனால் அந்த ஒரு பயணத்தில் ஒரு மனிதர் எவ்வளவு தெரிந்துகொள்ள முடியுமோ அவ்வளவும் தெரிந்துகொண்டு இறங்கியிருந்தார்.

அவர் கையில் எப்போதும் ஒரு பெரிய ட்ரோனின் உடைந்த இறக்கை இருக்கும். கார்பனில் செய்தது, முழ நீளம், ஓரம் கத்தி மாதிரி. முதல் வகுப்பில் அதால் மேசையைத் தட்டி, வானம் யாருடையது என்று கேட்டார். சேம்பியன் ரீஃப்ஸில் கல்யாணப் போட்டோ எடுக்கிற லூயிசா, கர்த்தருடையது என்றாள். இறக்கை அவள் விரல் முட்டியில் விழுந்தது. எல்லாருக்கும் சொந்தம் என்று வாசு சொன்னான். அவன் முட்டியிலும் விழுந்தது. சரியான விடை ‘நிபந்தனைக்கு உட்பட்டது’ என்பதாகும்.

இறக்கை மனிதர் உடம்பில் படக் கூடாது என்று பாடப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறதே என்று லூயிசா விரலை ஊதிக்கொண்டே கேட்டாள். கேப்டன் அந்தக் கேள்வியை மிகவும் பாராட்டினார்.

“சுத்தற எறக்கைதான் மனுசன் மேல படக் கூடாது. இது தானா சுத்தாது, நான் சுத்தறேன். ரூல்ஸ நல்லாப் படிங்க,” என்று சொல்லிவிட்டு, பாராட்டுக்கு அடையாளமாக இன்னொன்று கொடுத்தார்.

சட்டம் உண்மையில் அவ்வளவு கஷ்டமானது அல்ல. நூற்றிருபது மீட்டருக்கு மேலே பறக்காதே. கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வைத்துக்கொள். வரைபடத்தில் பச்சை என்றால் போகலாம், மஞ்சள் என்றால் கேட்டுவிட்டுப் போக வேண்டும், சிவப்பு என்றால் போகவே கூடாது. கழகத்தில் பறக்கவிடத் தெரிந்த ஒரே ஆளான மேகனா டீச்சர் இதை ஒரு காலைப்பொழுதில் சொல்லி முடித்துவிட்டார். அது கேப்டனுக்குப் பொறுக்கவில்லை. இத்தனை சுலபமாகப் புரிந்தால் சட்டத்துக்கு என்ன மரியாதை? வானத்தில் இருக்கிற நிறங்களை அவர் தரைக்குக் கொண்டுவந்தார். சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டை ஒட்டிய மைதானம் முழுக்கப் பொடி தூவிக் கோடு போட்டார்கள். கழிப்பறை சிவப்புக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு எல்லாரும் மேட்டுக்குப் பின்னால் போனார்கள்.

மஞ்சள் வட்டத்துக்குள் கால் வைக்க வாக்கிடாக்கியில் கேப்டனிடம் அனுமதி கேட்க வேண்டும். பேசி முடித்ததும் ‘ஓவர்’ என்று சொல்ல வேண்டும். ஓவர் சொல்லாத வரை பேச்சு முடியவில்லை என்று அர்த்தம். முடியாத பேச்சுக்குப் பதில் சொல்வது விதிமீறல்.

இதன் பயன் லூயிசாவுக்குத்தான் முதலில் தெரிந்தது. சயனைடு மேட்டிலிருந்து புழுதிக் காற்று கிளம்பிய ஒரு நாள், யாரோ ஒருவனுடைய கட்டுப்பாடு தவறிய ட்ரோன் அவள் காதோரம் உரசிக்கொண்டு போனது. காதின் மேல் பாதி தொங்கியது. அவள் மஞ்சள் வட்டத்தின் நடுவில் உட்கார்ந்து, வாக்கிடாக்கியில் ஐயோ, ஐயோ என்றாள். தாவணி போல் கழுத்து முழுக்க ரத்தம் வழிந்தது. வாசு ஓடப் பார்த்தான். கேப்டன் இறக்கையைக் குறுக்கே நீட்டி நிறுத்திவிட்டு, அலுவலக ஜன்னலுக்குப் போய் நின்று காத்திருந்தார். அவள் மூன்றாவது முறை ஐயோ என்றபோது வாசுதான் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினான்.

“லூயிசாக்கா, ஓவர் சொல்லுக்கா.”

அவள் சொன்னாள். உடனே அனுமதி கிடைத்தது. கேப்டனிடம் தாமதம் என்பதே கிடையாது.

காதைத் தைக்கப் போகுமுன் ஒரு சின்ன சடங்கு இருந்தது. விபத்து நடந்தால் மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும், தெரிவித்தால் கழகத்தை மூடினாலும் மூடிவிடுவார்கள். ஆகவே கழகத்தில் விபத்து நடப்பதில்லை. நடப்பவை ‘சந்திப்புகள்’. உடம்பும் வானூர்தியும் எதிர்பாராமல் சந்தித்துக்கொள்கின்றன. சந்தித்தவர்கள் ஆஸ்பத்திரியில் பாத்ரூமில் விழுந்துவிட்டதாகச் சொல்ல வேண்டும். லூயிசாவும் அப்படியே சொன்னாள். காது மட்டும் கிழிகிற மாதிரி விழ எங்கே கற்றுக்கொண்டாய் என்று நர்ஸ் கங்கம்மா கேட்டுவிட்டுத் தைத்தார்.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். லெவல் வந்த பிறகுதான் எலும்பு முறிய ஆரம்பித்தது.

விமானங்கள் லெவல் கணக்கில் பறக்கின்றன என்று கேப்டன் எங்கோ படித்துவிட்டார். அன்றிலிருந்து கழகத்தில் மீட்டர் ஒழிந்தது. பத்து மீட்டர் உயரம் முதல் லெவல், இருபது இரண்டாவது, ஐம்பது ஐந்தாவது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மாணவர்கள் தங்கவயல்காரர்கள்.

தங்கவயலில் லெவல் என்றால் சுரங்கம். ஆட்களைக் கொண்டுபோகும் இரும்புக் கூண்டான கேஜ் இறங்க இறங்க லெவல் எண் கூடும். எண் கூடக் கூட ஆழமும் சூடும் கூடும். ஐந்தாவது லெவலில் வேலை செய்தவர் பத்தாவது லெவலுக்குப் போனார் என்றால் கீழே போனார் என்று பொருள். சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேலாகியும் லைன் வீடுகளில் இந்தப் பேச்சு போகவில்லை. காய்ச்சல்காரனுக்கு மோசமானாலும் சரி, கடைக்காரன் நொடித்துப்போனாலும் சரி, லெவல் கூடிவிட்டது என்றுதான் சொல்வார்கள். கடைவீதிக்காரர்கள் கேஜில் ஏறியதில்லை. அவர்களுக்கு லெவல் என்றால் மேலேதான்.

கேப்டன் மைக்கில் ‘மூணாவது லெவல்’ என்று கட்டளையிட்டார். வாசலருகே உயரத்தில் நின்றிருந்த ட்ரோனை வாசுவின் இடது கட்டைவிரல் யோசிக்காமல் கீழே இழுத்தது. அது வாட்ச்மேன் சரத்தின் தோளில் இறங்கி, காறை எலும்பை இரண்டாக்கிவிட்டு நின்றது. அடுத்த மாணவனின் ட்ரோன் தரையில் மோதி, தெறித்த துண்டு மூன்றாவது மாணவனின் கன்னத்தைக் கிழித்தது. மூன்றாவது மாணவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே, தன் ட்ரோனைக் கேப்டனின் காபி டம்ளருக்குள் இறக்கினான். ஒரே காலையில் இத்தனை சந்திப்புகள் நடந்ததில்லை. டிரம் மூடி மூட மறுத்தது.

மேகனாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் பங்காருப்பேட்டைப் பெண். அவர் தாய்மாமா சுரங்கத்தில் இருந்தவர். லெவல் என்று சொல்லாமல் உயரம் என்று சொல்லிவிட்டால் போதும், ஒருவனுக்கும் அடிபடாது என்று கேப்டனிடம் எடுத்துச் சொன்னார். கேப்டன் சபையைக் கூட்டி, சரத்தின் தோளுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர்களையும் எழுந்து நிற்கச் சொல்லி, பதில் பேசினார்.

“உலகம் பூரா லெவல் மேலதான் போவுது. உங்க ஊர்ல மட்டும் கீழ போவுதுன்னா ரூல்ஸ மாத்த முடியாது மேகனா, ஊரைத்தான் மாத்தணும். இவங்க அப்பனுங்க நூறு வருசமா தப்பான பக்கம் போய்ட்டாங்க. அத்தத் திருத்தத்தான் நான் வந்துகீறேன். கைவெரலுக்கு வலிச்சாத்தான் மூளைக்குத் தெரியும்.”

சொல்லிவிட்டு இறக்கையை மேகனாவின் விரல் பக்கமாக ஓங்கினார். மேகனா அதைப் பிடுங்கி, மேசை விளிம்பில் ஓங்கி அடித்து உடைத்து, இரண்டு துண்டையும் அவர் முன்னால் போட்டார். ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். கேப்டன் வருத்தப்படவில்லை. இப்போது அவரிடம் இரண்டு இருந்தன.

பறக்கவிடத் தெரிந்த ஆள் போய்விட்டதால் பயிற்சி இன்னும் தீவிரமானது. ட்ரோன்களை அலமாரியில் பூட்டிவிட்டு, வெறும் ரிமோட்டைக் கையில் கொடுத்து மாணவர்களை வெயிலில் நிற்க வைத்தார்கள். கேப்டன் லெவல் எண்ணைக் கத்துவார். இடது கட்டைவிரல் மேலே தள்ள வேண்டும். கீழே இழுத்தால் அந்த விரலின் மேலேயே அடி. வாசுவின் விரல் முதல் நாள் சிவந்தது, அப்புறம் கத்தரிக்காய் நிறமானது, நகம் கழன்று விழுந்தது. அமலா பற்றுப் போட்டுக்கொண்டே, பேசாமல் விட்டுவிடச் சொன்னாள்.

“இன்னாத்துக்கு இந்தப் பாடு? அந்த ரயிலு உன்ன அடிக்கலியே,” என்றாள்.

வாசு யோசித்துப் பார்த்தான். ரயிலில் நின்று நின்று கணுக்கால் வீங்குவதையும், கிடங்கு மேஸ்திரி பேசுவதையும் நினைத்தான். மத்தியானம் வீட்டில் உட்கார்ந்து சுடச்சுடச் சாப்பிடுவதை நினைத்தான். விரல் ஒன்றுதானே என்று தோன்றிவிட்டது. அந்த எண்ணம் வந்த நாளை அவன் பிறகு பல தடவை சபித்திருக்கிறான்.

விரலும் ஒருவழியாகக் கற்றுக்கொண்டது. லெவல் என்றால் மேலே. தூக்கத்தில் கேட்டாலும் மேலே.

தேர்வு வந்தது. கழகத்தின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்கலாமா என்று பார்க்க மேலிடத்திலிருந்து நந்தகுமார் என்ற அதிகாரி வந்தார். அவருக்குப் பெரிய குடை விரித்து, இளநீர் கொடுத்து உட்கார வைத்தார்கள். மாணவர்கள் கட்டுகளுக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார்கள். லூயிசா காதைப் பூ வைத்து மறைத்திருந்தாள். அன்று பறக்கப்போவது மருந்தடிக்கிற ட்ரோன். ஆறு கை, கட்டில் அகலம், பத்து லிட்டர் தொட்டி. ஓட்டப்போவது வாசு.

வாசு நன்றாகவே ஓட்டினான். மேலே எழுப்பினான், நேராகப் போனான், திரும்பினான். கேப்டன் ட்ரோனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மைக்கில் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார். இந்த மண்ணில் மனிதர்களை ஆழத்தில் விட்டுச் சாகடித்தார்கள், நாங்கள் உயரத்துக்குக் கொண்டுபோகிறோம், எங்களிடம் ஒரு சொட்டு ரத்தம் சிந்தியதில்லை என்றார். நந்தகுமார் தலையாட்டினார். ட்ரோனைக் கொஞ்சம் பக்கத்தில் காட்டச் சொல்லிக் கையைக் காட்டினார். வாசு அதைக் கொண்டுவந்தான்.

காற்றடித்துக் கேப்டனின் தொப்பி பறந்தது. அவர் திரும்பினார். ஆறு இறக்கைகளும் அவர் முகத்துக்கு நேராகச் சுற்றிக்கொண்டிருந்தன. மைக் கையிலேயே இருந்தது.

“லெவல்! லெவல்! அஞ்சாவது லெவல்!”

வாசுவுக்கு அந்தக் குரலில் இருந்த பயம் புரிந்தது. இத்தனை நாளில் கேப்டன் ஒருமுறை கூட அப்படிக் கத்தியதில்லை. சுரங்கத்தில் பாறை வெடித்துச் சரிந்த நாட்களில் லைன் வீட்டுப் பெண்கள் ஷாஃப்ட் வாசலில் நின்று அப்படித்தான் கத்துவார்கள், எத்தனையாவது லெவல் என்று. அடித்துச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் அந்த ஒரு நொடியில் கழன்றுகொண்டது. விரல் அடியோடு கீழே இழுத்தது.

ட்ரோன் கேப்டனின் வலது முன்கையை எலும்பு தெரிகிற அளவுக்குத் திறந்தது. தோளில் இருந்த நான்கு கோடுகளையும் சட்டையோடும் தோலோடும் சேர்த்துச் சீவியது. குடையைக் கிழித்து, இளநீரைச் சிதறடித்து, தொட்டி உடைந்து, கடைசியில் கேப்டனின் காலின் மேலேயே சாய்ந்து நின்றது. நந்தகுமார் நாற்காலிக்கு அடியில் இருந்தார். கேப்டன் மஞ்சள் வட்டத்துக்குள் கிடந்து ஐயோ என்றார்.

மாணவர்கள் கோட்டருகே வரிசையாக வந்து நின்றார்கள். யாரும் உள்ளே போகவில்லை.

“சார் இன்னும் ஓவர் சொல்லலியே,” என்றாள் லூயிசா.

கொஞ்ச நேரம் ஆயிற்று. வாசுதான் முதலில் கோட்டைத் தாண்டிப் போனான். போய், கேப்டனைத் தூக்குவதற்கு இடது கையைக் கொடுத்தான். கேப்டன் எழுந்து உட்கார்ந்தார். பிழைத்த கையால் இடுப்பில் செருகியிருந்த இறக்கைத் துண்டை உருவினார். வாசு நீட்டியிருந்த கையை அடிபடாத காலால் தரையோடு அழுத்தி, கட்டைவிரல் மேல் அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் கேட்ட பிறகும் அடித்தார். கை ஓயும் வரை அடித்தார். வாசு கத்தவில்லை. தப்பு தன்னுடையது என்றே அவன் நினைத்துக்கொண்டிருந்தான். எனக்கு அவன் மேல் கோபம் வருகிற இடம் அதுதான்.

ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். கேப்டன் பாத்ரூமில் விழுந்ததாகச் சொன்னார். வாசுவும் பாத்ரூமில் விழுந்ததாகச் சொன்னான்.

“ரெண்டு பேரும் ஒரே பாத்ரூம்லயா?” என்றார் கங்கம்மா.

சாயங்காலம் நந்தகுமார் வேறு சட்டையோடு வந்தார். அவருக்கும் மேலே ஒருவர் இருந்தார். விபத்தைப் பார்த்தும் என்ன செய்தாய் என்று அவர் கேட்பார். ஆகவே நந்தகுமார் நிதானமாக யோசித்து, கட்டில்களுக்கு நடுவே நின்று தீர்ப்புச் சொன்னார்.

“அந்தப் பையன ஃபெயில் பண்ணினா காரணம் எழுதணும். காரணம் எழுதினா ஆக்சிடென்ட் ஆயிடும். ஆக்சிடென்ட்டே நடக்கல. நடக்கலைன்னா தேர்வு நல்லபடியா முடிஞ்சுதுன்னு அர்த்தம். அவன் பாஸ்.”

கேப்டன் சர்ட்டிபிகேட்டில் இடது கையால் கையெழுத்துப் போட்டார். வாசு வலது கையால் வாங்கிக்கொண்டான். அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. வலியினால் மட்டும் அல்ல.

மாவுக்கட்டைப் பிரித்த பிறகு விரல் மடங்கவில்லை. குச்சி மாதிரி நின்றது. இருந்தாலும் சிவப்பிரகாசம் நல்ல மனிதர்; பூதிகோட்டைக்கு அழைத்துப் போய் ஒரு வாய்ப்புக் கொடுத்தார். ட்ரோன் எழுந்து, அந்த விறைத்த விரலுக்கு அடங்காமல் சாய்ந்து, தக்காளிக்கு நட்ட குச்சிகளை வரிசையாகச் சாய்த்துக்கொண்டு போய் வரப்பில் விழுந்தது. தோட்டக்காரர்கள் கம்பை எடுத்தார்கள். சிவப்பிரகாசம் நடுவில் புகுந்து இரண்டு அடியைத் தான் வாங்கிக்கொண்டார். திரும்புகிற வழியில் வாசுவின் சர்ட்டிபிகேட்டை மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்தார்.

“இது நல்லாத்தாம்பா கீது. ஆனா இது பறக்காதே,” என்றார்.

கிடங்கில் அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான். பெட்டி கட்டவும் இரண்டு கட்டைவிரல் வேண்டும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். வாசு வீட்டிலேயே கிடந்தான். நாய் மட்டும் அவனோடு பழகிக்கொண்டது. அமலா பக்கத்து வீடுகளுக்குத் துணி தைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். ராத்திரியில் அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்து அழுதாள்.

அப்போதுதான் கேப்டனிடமிருந்து ஆள் வந்தது. மேகனா போன இடம் காலியாகவே இருந்தது. அலுவலகத்தில் கேப்டன் புதுச் சட்டை போட்டிருந்தார். வலது கை கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் தொங்கியது, அதை இனித் தூக்க வராது. விரல் மடங்காத விஷயத்தை வாசு தயங்கித் தயங்கிச் சொன்னான்.

“பறக்கத் தெரிஞ்சவங்கள வச்சாத்தான் வேலைய உட்டுட்டுப் போறாங்க. எனக்குப் பறக்க வருமா? நான் நிக்கலியா? உனக்கு எங்க அடிக்கணும்னு தெரியும் வாசு. அது போதும். மத்தியானம் சோத்துக்கு ஊட்டுக்குப் போலாம்.”

வாசு ஒப்புக்கொண்டான். மத்தியானம் வீட்டில் உட்கார்ந்து சுடச்சுடச் சாப்பிட்டான். அமலா விசிறிக்கொண்டே பக்கத்தில் இருந்தாள்.

புதுக் குழுவில் முதலாவதாக நின்றவள் பாக்கியவதி, கோரமண்டல் லைன்காரி. கேப்டன் ஜன்னலிலிருந்து மூணாவது லெவல் என்றார். அவள் ட்ரோன் நேராக வந்து அவள் செருப்புக்குப் பக்கத்தில் மோதியது. அவள் திகைத்துப்போய் வாசுவைப் பார்த்தாள்.

“எறக்கிட்டேனே சார். லெவல்னா கீழதானே?”

அந்தக் கழகத்தில் அவள் சொன்னது முழுக்க முழுக்கப் புரிந்த ஒரே ஆள் வாசுதான். புரிந்தது என்று சொல்ல அவனுக்கு ஆசையாகவும் இருந்தது. ஜன்னலில் கேப்டன் நின்றிருந்தார். சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. வாசு அவளுடைய இடது கட்டைவிரலை நீட்டச் சொன்னான்.

அவனுக்கு வலது கை நன்றாகவே வேலை செய்தது.